நேற்று உட்கார்ந்தவர்கள்

ஆகஸ்ட் 21, திங்கள்

புத்தாண்டுக்குக் கடையில் கொடுத்த டைரி எட்டு மாதமாக அரிசி டிரம்முக்கு மேல் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்தேன். எழுதுகிற ஆள் நானில்லை. புது மேனேஜர் சந்திரமோகன் சார் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஒவ்வொரு மாடி சூப்பர்வைசரும் அன்றன்று நடந்ததை நோட்டில் எழுதி, அவர் மேசையில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். வீட்டில் எழுதிப் பழகினால் அங்கே மானம் போகாது.

முதலில் என்னைப் பற்றியே எழுதிப் பழகுகிறேன். பெயர் உலகம்மாள். வயது நாற்பத்தெட்டு. திருநெல்வேலியில் பெரிய ஜவுளிக்கடை, இரண்டாவது மாடி, பட்டுப் பிரிவு. இருபத்திநாலு வருஷம் சேலை விரித்துக் காட்டினேன். போன தை மாதம் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே பதினெட்டுப் பெண்கள். அதில் ஜெபமணி என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டுக்காரர் போனபிறகு எனக்கு இருப்பது மகள் அனுசுயா ஒருத்திதான். காலேஜ் இரண்டாம் வருஷம்.

இன்று ஆறு ஸ்டூல் வந்து இறங்கியது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார வசதி வேண்டும் என்று சட்டம் வந்து ரொம்ப நாளாயிற்று. நம் கடைக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. பெண்கள் ஓடிப்போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், கல்யாண வீட்டுக்கு வந்த கட்டிலைப் பார்க்கிற மாதிரி. சார் எங்கள் நாலு சூப்பர்வைசர்களையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஸ்டூல் இருக்கும். உட்காரக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா சட்டப்படி தப்பு. ஆனா யார் உட்கார்றாங்கன்னு எனக்குத் தெரியணும். நோட்டுல பேர் வரணும். அவ்வளவுதான்."

நல்ல மனுஷர். சத்தம் போட்டுப் பேசுவதே இல்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். நாளைக்கும் உப்புமாதான். கால் வலி.

ஆகஸ்ட் 28, திங்கள்

காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் எல்லாரும் கீழ்த்தளத்தில் வரிசையாக நின்று சாமிப்பாட்டுப் பாடுவது இந்தக் கடையில் ஆதிகாலத்திலிருந்து வழக்கம். மொதலாளி அண்ணாச்சி ஊதுபத்தி காட்டிவிட்டுப் போவார். இன்றிலிருந்து பாட்டு முடிந்ததும் இன்னொன்றும் உண்டு. "நேற்று உட்கார்ந்தவர்கள்" என்று சொல்லி அந்தந்த மாடி சூப்பர்வைசர் பெயர் வாசிக்க வேண்டும். பெயர் வந்தவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். மற்றவர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தடவை கைதட்டிக்கொள்ள வேண்டும்.

என் மாடியில் இன்று மூன்று பெயர். முதல் பெயரை இரண்டு தடவை வாசித்துவிட்டேன், அப்புறம் சரியாகிவிட்டது. முன்னால் நின்ற மூவரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

இன்று பெயர் வந்தது ஒன்றே ஒன்று. அவள் சிரிக்கவில்லை.

"பார்த்தீங்களா, நாலே நாள்" என்றார் சார். பிறகு எல்லார் முன்னாலும், "உலகம்மாள் மாதிரி பத்துப் பேர் இருந்தாப் போதும், இந்தக் கடையை எங்கேயோ கொண்டு போயிடலாம்" என்றார். இருபத்திநாலு வருஷத்தில் அண்ணாச்சி ஒரு நாளும் என் பெயரைச் சரியாகச் சொன்னதில்லை. "அந்த ரெண்டாம் மாடிப் பொம்பள" என்பார்.

உலகம்மாள் மாதிரி பத்துப் பேர் இருந்தாப் போதும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஜெபமணி மத்தியானம் சாப்பாட்டு அறையில் பக்கத்தில் வந்து நின்றாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கிறது. கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்துப்போய்ப் புண் நீர் விடுகிறது. பெரியாஸ்பத்திரி டாக்டர், ஒரு மணி நேரம் நின்றால் பத்து நிமிஷம் உட்கார்ந்து காலை நீட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறாது என்று சொல்லிவிட்டாராம்.

"ஏட்டி உலகு, நான் ஒக்காந்தா நீ பாக்காத மாதிரி போயிரு. பிள்ளையோட ஃபீஸ் இந்த வேலைலதான் ஓடுது, ஒனக்குத் தெரியும்லா. வேலயும் போகக் கூடாது, காலும் போகக் கூடாது."

"சரி, நான் எழுதல. ஆனா கடையில ஏட்டின்னு கூப்பிடாத. பிள்ளைகள் கேக்குதுவ" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யேசப்பா! மேடம்னு கூப்பிடட்டுமா?" என்று சிரித்தாள். கூப்பிட்டால்தான் என்ன? அனுசுயா படிக்கிற காலேஜில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

செப்டம்பர் 13, புதன்

எனக்கும்தான் கால் வலிக்கிறது. நான் யாரிடம் சொன்னேன்?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிற்கத் தெம்பில்லை. எங்கள் அப்பா பீடிக் கம்பெனியில் கணக்குப்பிள்ளை. அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிறவரை அம்மாவும் நாங்கள் நாலு பேரும் சுவரோரம் நிற்க வேண்டும். தம்பி ஒரு தடவை காய்ச்சலோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான். அவனை வெயிலில் முற்றத்தில் நிறுத்தி வைத்தார், அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்படி வளர்ந்ததால்தான் நாங்கள் உருப்பட்டோம். தம்பி பதினேழு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனான், அது வேறு விஷயம்.

செப்டம்பர் 19, செவ்வாய்

கைரேகை வைக்கிற மெஷின் பக்கத்தில் சார் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம், பெயர் போட வேண்டாம்.

இன்று சார் கூப்பிட்டார். மேசைமேல் நாலைந்து சீட்டு. எல்லாம் ஒரே விஷயம்: ஜெபமணி தினமும் உட்காருகிறாள், சூப்பர்வைசர் அக்கா கண்டும் காணாமல் போகிறார்.

"உங்க கண்ணுல படலையா?" என்று மட்டும்தான் கேட்டார். "பட்டுது சார்" என்றேன். "அப்ப நோட்டுல ஏன் வரல?" அவர் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். இந்துராணி. இருபத்திமூன்று வயது, சுறுசுறுப்பு. 'ழ'வைச் சுழித்து எழுதுவாள். கெட்டிக்காரப் பெண், என்னைப் போலவே வருவாள்.

செப்டம்பர் 20, புதன்

ஜெபமணி – 3 முறை. எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 21, வியாழன்

பெயர் வாசித்தேன். அவள் முன்னால் வந்து நின்றாள். கைதட்டும்போது சத்தம் நேற்றைவிடக் கூடுதலாக இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

படியில் என்னை மறித்து, "எழுதலன்னு சொன்னியே" என்றாள்.

"வேற வழி இல்லட்டி. சீட்டு விழுந்திருக்கு. நான் எழுதலன்னா என் பேர் போகும்."

"ஒன் பேருதான? என் காலு போகட்டும், என்ன?"

இவளுக்காக நான் என்ன செய்யவில்லை? பிரசவத்துக்கு லீவு கேட்டு அண்ணாச்சி காலில் விழாத குறையாக நின்றது யார்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள், அதுதான் அவளுக்கு வினை.

செப்டம்பர் 30, சனி

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. மாடியில் முன்பெல்லாம் கசகசவென்று பேச்சு இருக்கும். எவள் மாமியார் என்ன சொன்னாள், எந்த வாடிக்கையாளர் நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போனார் என்று ஒரே சிரிப்பாகக் கிடக்கும். இப்போது ஏசி ஓடுகிற சத்தம் கேட்கிறது. சாப்பாட்டு அறையில் யாரும் யாரோடும் குழம்பு மாற்றிக்கொள்வதில்லை. நான் உள்ளே போனால் சட்டென்று பேச்சு நிற்கிறது. ஒழுங்கு என்றால் இப்படித்தான் இருக்கும் போல.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தேன். கட்டிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அனுசுயா என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். ஒரு நிமிஷம் எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். என் மாடிப் பெண்களின் அதே முகம்.

"என்னத்துக்கு எந்திச்ச?" என்றேன்.

"தெரியலம்மா. நீ வந்ததும் எந்திச்சிட்டேன்."

இரண்டு தோசைக்கு மேல் இறங்கவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

சார் சொன்னபடி செய்தேன். ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். பெயர் கொடுத்தாகிவிட்டது.

அக்டோபர் 11, புதன்

ஜெபமணி இனிமேல் வேலைக்கு வரமாட்டாள். தலைவலி. மோர் மட்டும் குடித்தேன்.

அக்டோபர் 12, வியாழன்

தேங்காய்ச் சில்லு வாங்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

அக்டோபர் 17, செவ்வாய்

இந்த வாரம் எனக்கு இன்றைக்குத்தான் லீவு. அனுசுயா காலையிலேயே ஜெபமணி வீட்டுக்குப் போய்விட்டாள். சித்தி சித்தி என்று சின்ன வயதிலிருந்து அவள் மடியிலேயே கிடந்த பிள்ளை. மத்தியானம்தான் வந்தாள். வாளியில் துணி ஊறப்போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"நீதான ஒக்காரச் சொன்னியாமே?"

வீட்டில் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

பத்தாம் தேதி சார் சொன்னது இதுதான்: "பயத்துல நிக்கறாங்களா, மனசார நிக்கறாங்களான்னு தெரியணும். நீங்களே ஒரு நாள் உட்காரச் சொல்லிப் பாருங்க. அப்பவும் யார் நிக்கறாங்களோ அவங்கதான் நம்ம ஆளு." கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. மூன்று மணிக்குக் கூட்டமில்லை. நான் மாடி நடுவில் நின்று, "ஏய் பிள்ளைகளா, சார் வெளிய போயிருக்காவ. பத்து நிமிஷம் ஒக்காருங்க. நான் எழுத மாட்டேன்" என்றேன். சிரித்த முகமாகச் சொன்னேன். பதினெட்டில் பதின்மூன்று பேர் அசையவில்லை. இந்துராணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜெபமணிதான் முதலில் உட்கார்ந்தாள். நான் பெயர் வாசித்ததிலிருந்து மூன்று வாரமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள், அன்றைக்கு, "அப்பாடா! மகராசி, இப்பதான் நீ பழைய உலகு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து காலை நீட்டினாள். அவளைப் பார்த்துத்தான் மற்ற நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.

மறுநாள் காலை பெயர் வாசித்தேன். அவள் முன்னால் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "நீதான ஒக்காரச் சொன்ன?" என்றாள். அவ்வளவு பேர் முன்னால். சார் என் பக்கம் திரும்பி, "சொன்னீங்களா?" என்று கேட்டார். அவர் சொல்லித்தான் நான் சொன்னேன் என்பது அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் கேட்டார். கேட்டதும் என் வாய் தானாக, "இல்ல சார்" என்றது.

ஜெபமணி வரிசையை விட்டு விலகினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே வேலையிலிருந்து நீக்கியதாகக் கடிதம் அனுப்பினார்கள், வாடிக்கையாளரிடம் மரியாதைக் குறைவாகப் பேசினாள் என்று. இருபத்திநாலு வருஷத்தில் வாடிக்கையாளர்கள் அவளைத் தேடி வந்துதான் பார்த்திருக்கிறேன்.

எழுதிவிட்டேன். எழுதினால் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

அனுசுயா சமைக்கிறாள், பரிமாறுகிறாள், நான் சாப்பிடுகிறவரை நிற்கிறாள். "ஒக்காருட்டி" என்றால் உட்காருகிறாள். வேறு பேச்சில்லை.

நவம்பர் 2, வியாழன்

இன்றைக்கு நடந்ததை எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஜெபமணி தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டாள், உட்கார்ந்ததற்காக வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று. இரண்டரை மணிக்குச் சார் போன் பண்ணினார். "அதிகாரி கீழ்த்தளத்துல இருக்காங்க. பத்து நிமிஷத்துல உங்க மாடிக்கு வருவாங்க. வாடிக்கையாளர் இல்லாத பொண்ணுங்களை ஸ்டூல்ல உட்கார வைங்க. சகஜமா இருக்கணும்."

நான் கைதட்டிக் கூப்பிட்டேன். "ஏய், ஆறு பேர் சீக்கிரம் ஒக்காருங்க."

யாரும் அசையவில்லை.

"ஆபீசர் வாராவட்டி! ஒக்காருங்க!"

பதினேழு பேரும் என் கண்ணைப் பார்க்காமல் சேலை அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் நின்றவள் தோளைப் பிடித்து அமுக்கினேன், அவள் முழங்காலை விறைத்துக்கொண்டாள். "சத்தியமா சொல்லுதேன், சார்தான் சொன்னாவ, இது நெசம்" என்றேன். "அன்னைக்கும் இப்படித்தானக்கா சொன்னீங்க" என்றாள் அவள், மெதுவாக, கோபமே இல்லாமல். இந்துராணியிடம் போனேன். நீயாவது உட்காருட்டி என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அவள் நேராக நின்று, "எனக்குக் கால் வலிக்கவே இல்லக்கா" என்றாள்.

அதிகாரி வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும், பருத்திச் சேலை, கையில் ஒரு கோப்பு. ஆறு ஸ்டூலும் காலியாக இருந்தன. ஒரு ஸ்டூலைக் குனிந்து தடவிப் பார்த்தார். புதிதாக வந்து இறங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் காகிதம் இன்னும் பிரிக்கப்படவே இல்லை. அது என் கண்ணிலும் இவ்வளவு நாள் பட்டதில்லை.

"உட்கார விடுறாங்களாம்மா?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார்.

"விடுதாவ மேடம். எங்களுக்குத்தான் வேண்டாம்."

"நிக்கதுதான் பிடிச்சிருக்கு மேடம்."

பதினேழு பேரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதிகாரி கடைசியில் என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அவர் போனபிறகு சார் என்னைக் கூப்பிட்டார். "ஒரு சின்ன வேலை. உட்கார வைக்கக்கூட முடியலையா உங்களால?"

இரண்டு மாதம் நிற்க வைத்தேன். அதற்கு மெச்சிக்கொண்டவர் இவர்தானே? சொல்லத் தோன்றியது. "மன்னிச்சிருங்க சார்" என்றேன்.

நவம்பர் 8, புதன்

தீபாவளிக் கூட்டம். மூச்சுவிட நேரமில்லை. ஒரு அம்மா பிரித்துப் போடச் சொன்ன சேலை மட்டும் என் இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்க்கும்போது அனுசுயா என் காலைப் பார்த்துவிட்டாள். இவ்வளவு நாள் சேலைக்குள் மறைத்தே வைத்திருந்தேன். எனக்கும் அதே பச்சை நரம்புச் சுருள்தான், இரண்டு காலிலும். கணுக்கால் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒனக்கும் இப்படித்தான இருக்கு? பெறகு எப்படிம்மா சித்திய எழுதின?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் நான் ஏன் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்? நான் தாங்கிக்கொள்கிறேன், அவளும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்றுதான் நினைத்தேன். நான் தாங்கியதற்கு ஒரு மதிப்பு வேண்டாமா? அவள் உட்கார்ந்தபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது பொறாமை என்று இப்போது எழுதுகிறேன். முன்பு ஒழுங்கு என்று எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 15, புதன்

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சொல்லப்போவதைப் பொறுத்துத்தான் ஜெபமணிக்கு வேலை திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும்.

சார் எனக்கு நாற்காலி காட்டவில்லை. நிற்க வைத்தே சொல்லிக் கொடுத்தார், நான் திரும்பச் சொன்னேன். 'ஜெபமணி வாடிக்கையாளரிடம் மரியாதைக் குறைவாகப் பேசினார். நான் இரண்டு முறை எச்சரித்தேன். உட்காருவதற்குக் கடையில் எந்தத் தடையும் இல்லை.' மூன்று வாக்கியம். மூன்று தடவை சொன்னதும், "இதை மட்டும் சரியா முடிங்க. உங்களைத் தரைத்தளம் முழுசுக்கும் பொறுப்பாப் போடணும்னு அண்ணாச்சிகிட்ட சொல்லியிருக்கேன்" என்றார்.

சாயங்காலம் ஜெபமணி வீட்டுத் தெரு வழியாக வந்தேன். வழக்கமாக வருகிற வழி இல்லை. அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், காலை ஒரு செங்கல்மேல் தூக்கி வைத்து. கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்தாள்.

"உண்மைய மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

நான் நடையை எட்டிப் போட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 16, வியாழன்

என்ன சொல்வது என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். மூன்று வாக்கியமும் நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது.

நவம்பர் 17, வெள்ளி

இரண்டு பஸ் மாறிப் போனேன். பழைய கட்டடம், மாடியில் ஒரு அறை. அன்றைக்கு வந்த அதே அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு இடது பக்கம் நாற்காலியில் சார், மடியில் கோப்பு. சுவரோரம் பெஞ்சில் ஜெபமணி. மேசைக்கு முன்னால் ஒரு காலி நாற்காலி. நான் போய் அதன் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"உட்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

நான் சாரைப் பார்த்தேன். அவர் போனில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன்.

"உட்காருங்க. நிறைய எழுத வேண்டியிருக்கு, நேரம் ஆகும்."

மறுபடி சாரைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கினார். இரண்டு விரலை லேசாக ஆட்டி, உட்காருங்க என்பதுபோலத் தலையசைத்தார். நான் உட்கார்ந்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என் ஆபீஸ். நான் ரெண்டு தடவை சொன்னேன், நீங்க உட்காரல. அவர் தலையாட்டினதும் உட்கார்ந்தீங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அவர் சொன்னாத்தான் உட்காருவீங்களாம்மா?"

"ஆமா மேடம்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னேன். சொன்னபிறகுதான் அறையில் காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது.

சார் சிரித்தார். "மேடம், அது ஒரு மரியாதை. பழைய ஸ்டாஃப், இவங்க எப்பவுமே..."

"அவங்க பேசட்டும் சார்." அதிகாரி என் பக்கம் குனிந்தார். "கடையிலயும் இப்படித்தானா?"

மூன்று வாக்கியமும் நாக்கு நுனியில்தான் இருந்தன. ஜெபமணி வாடிக்கையாளரிடம். ஜெபமணி வாடிக்கையாளரிடம். அதற்கு மேல் நகரவில்லை. எனக்குத் திடீரென்று சொல்ல முடியாத அசதி வந்தது. இருபத்திநாலு வருஷ அசதி. இனி ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்தக்கூட உடம்பில் பலமில்லை. துணிச்சல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

"அப்படித்தான் மேடம்."

"அக்டோபர் பத்தாம் தேதி இவங்களை உட்காரச் சொன்னது யாரு?"

"நாந்தான்."

"யார் சொல்லி?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். பெரிய ஆள் பெயரைச் சொல்லும்போது உட்கார்ந்துகொண்டு சொல்லிப் பழக்கமில்லை. "சந்திரமோகன் சார் சொல்லி" என்றேன். "ஒக்காந்தவங்க பேர எழுதிக் குடுத்தது நான். காலைல வாசிச்சதும் நான். ஜெபமணி யாரையும் ஒரு வார்த்த தப்பாப் பேசினதில்ல. அவ என்ன நம்பி ஒக்காந்தா, அதுதான் அவ செஞ்சது."

அதிகாரி எழுதி முடிக்கிறவரை நின்றேன். "உட்கார்ந்தே சொல்லலாம்மா" என்றார். உட்கார வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரைப் பார்த்துவிட்டு உட்காருவது என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சவத்த, ஒக்காரேன்" என்றாள் ஜெபமணி பின்னாலிருந்து. பிரியமாகச் சொன்னாள் என்று எழுத மாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் நின்று தடுமாறுகிற யாரோ ஒரு பொம்பளையிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

உட்கார்ந்தேன். அப்போதும் ஒருத்தி சொல்லித்தான் உட்கார்ந்திருக்கிறேன், அது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.